முகுந்தன் பார்த்த ரிப்பேர்

கார் எஞ்சினுக்குள்ளிருந்து கட்டிப்பால் நாற்றம் வந்தபோது இராஜமாணிக்கம் நம்பவில்லை. எதையும் எடுத்த எடுப்பில் நம்புகிற ஆள் இல்லை அவர். குனிந்து, மூக்கைக் கொண்டுபோய் வைத்து, இன்னொரு தடவை முகர்ந்தார். அதேதான். மரத்தில் பால் பிடிக்கிற கிண்ணத்தில், மங்கில், உறைந்த ரப்பர் பாலைச் சாக்கில் கட்டி வெயிலில் போட்டு வைத்தால் வருமே, அந்த நாற்றம். ரப்பர்க் காட்டில் வளர்ந்தவனுக்கு அது மறக்காது. ஆனால் அது வரவேண்டிய இடம் பால் கொட்டகை. டட்சன் காரின் வயிறு இல்லை.

குடைக்கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி உள்ளே விட்டு இழுத்தார். வெள்ளையாக இருந்து பழுப்பாகிப்போன ஒரு சவ்வு, ஆட்டுக்குடல் மாதிரி, நீளமாக வந்துகொண்டே இருந்தது.

"தாயம்மா! ஒன் தம்பி செஞ்ச வேலைய வந்து பாரு!"

அவர் மனைவி தாயம்மா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கி, கொலுசுத் தழும்பு இருந்த இடம் கூடத் தெரியவில்லை.

"எந்திரிக்க முடியல. இங்கேருந்தே பாக்குறேன், தூக்கிக் காட்டுங்க."

தூக்கிக் காட்டினார். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். நாற்பது வருசம் மரம் சீவினவள். அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ரப்பர் பாலு," என்றாள்.

"ஆமா, பாலு. காருக்குப் பால் ஊத்திருக்கான் ஒன் தம்பி. காப்பி கலக்கிக் குடுக்காம விட்டானே."

"ஒழுகிருக்கும். ஊத்திருப்பான்."

"ஒழுகுனா ஊத்துறதா? கூரை ஒழுகுனாலும் பாலு, சப்பாத்து கிழிஞ்சாலும் பாலு. மூளையிலயும் அதத்தான் ஊத்தி வெச்சிருக்கான்."

தாயம்மாவுக்கு மேல்மூச்சு வாங்கிற்று. பிறகு நிதானமாகச் சொன்னாள்: "காலையில மங்கம்மா மவன் காரு வாசல்ல வந்து நின்னுச்சு. வேணாம்னீங்க."

இராஜமாணிக்கம் காருக்குள் குனிந்துகொண்டார். கொக்கியை மறுபடி உள்ளே விட்டார்.

நடந்தது இதுதான். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று தடவை தாயம்மாவை சிரம்பானுக்கு, தெமியாங்கில் இருக்கிற மையத்துக்கு, ரத்தம் கழுவக் கொண்டுபோக வேண்டும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு விட்டன. முன்பு ஒரு வேன் வந்து ரெம்பாவ் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கிற நோயாளிகளை அள்ளிக்கொண்டு போகும். வேன்காரன் ஒரு நாள் வரவில்லை, பிறகு வரவே இல்லை. அப்போதுதான் தாயம்மாவின் தம்பி முகுந்தன், மகள் வீட்டோடு இருக்க கெமாசுக்குப் போகும்போது, தன் பழைய காரை அக்காவுக்கு விட்டுவிட்டுப் போனான். சும்மா கொடுத்தான். சும்மா கொடுத்ததனாலேயே இராஜமாணிக்கத்துக்குச் சந்தேகம். நல்ல பொருளை எவன் சும்மா கொடுப்பான்?

கார் ஓடியது. ஆனால் தண்ணீர் குடித்தது. போகும்போது இரண்டு போத்தல், வரும்போது இரண்டு போத்தல். தாயம்மாவுக்கோ ஒரு நாளைக்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர்தான் அளவு. அதற்கு மேல் குடித்தால் உடம்பில் தேங்கி நெஞ்சை அடைக்கும். வழியில் அவர் இறங்கி ரேடியேட்டரில் தண்ணீரைக் கொட்டும்போதெல்லாம் அவள் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"அதுக்கு மட்டும் கொடங் கொடமா ஊத்துங்க. எனக்கு ஒரு வாய் கெடையாது."

செவ்வாய்க்கிழமை திரும்பி வரும்போது ரெம்பாவைத் தாண்டியதும் பானெட்டுக்கு அடியிலிருந்து புகையாக வந்தது. ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தார்கள். டவுன் ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு, "விட்டுட்டுப் போங்க அங்கிள், அடுத்த வாரம் இறக்கிப் பாக்கலாம்," என்றான் பையன். காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வந்தால் உள்ளே இருக்கிற நல்ல சாமான் என்ன ஆகும் என்பது இராஜமாணிக்கத்தின் கவலை. தானே பிரித்தார். முப்பது வருசம் தோட்டத்து டிராக்டர் ஓட்டினவர். டிராக்டரை அவர் பிரிக்காத பாகம் இல்லை.

வியாழன் காலையில் பக்கத்து வீட்டு மங்கம்மா தன் மகன் புனிதனை அனுப்பினாள். "தாத்தா, பாட்டிய நா கொண்டு விடறேன் லா," என்றான். இராஜமாணிக்கம் ஸ்பேனரைக் கீழே வைக்காமலே, "வேணாம். பத்து மணிக்குள்ள பூட்டிருவேன்," என்றார். ஒரு தடவை ஏறினால் ஊருக்கே சொல்வார்கள், நாங்கள்தான் ஏற்றிக்கொண்டு போனோம் என்று. அவருக்கு மங்கம்மாவின் வாய் தெரியும்.

பத்து மணிக்குத்தான் கட்டிப்பால் நாற்றம் வந்தது. தாயம்மாவின் முறை பதினோரு மணி. அன்றைக்கு அவளுக்கு ரத்தம் கழுவவில்லை.

*

வெள்ளிக்கிழமை முழுக்க இராஜமாணிக்கம் முகுந்தனைத் திட்டிக்கொண்டே வேலை செய்தார். ஒவ்வொரு நட்டைக் கழற்றும்போதும் ஒரு புதுத் திட்டு கிடைத்தது.

குழாயை இறுக்குகிற வளையத்துக்குப் பதிலாக, மரத்தில் பால் மங்கைத் தாங்குமே அந்தக் கம்பியைச் சுற்றி முறுக்கி வைத்திருந்தான். தண்ணீர்ப் பம்புக்கு இடையில் வைக்கிற அட்டைக்குப் பதிலாக, புகை போட்ட ரப்பர் சீட்டை அறுத்து வைத்திருந்தான். கத்தரிக்கோல் கூட இல்லை, பால் வெட்டுகிற உளியாலேயே அறுத்திருக்கிறான். ஓரம் எல்லாம் பட்டை சீவின மாதிரி சாய்ந்து கிடந்தது.

"இவன் காருன்னு நெனச்சு வெச்சிருக்கல. மரம்னு நெனச்சு வெச்சிருக்கான்," என்றார்.

"ரெண்டு வருசம் ஓட்டுனான்ல," என்றாள் தாயம்மா.

"ஓட்டுனானா? அது அவன் கொடுமைக்குப் பயந்து ஓடிருக்கு."

மத்தியானம் அவளுக்காகக் கீரையை வேக வைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டி, மறுபடி வேக வைத்தார். உருளைக்கிழங்கையும் அப்படித்தான். எல்லாச் சத்தும் சாக்கடைக்குப் போனபிறகு மிஞ்சுவதுதான் அவளுக்கு. உப்பு இல்லை. அவள் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். அவர் பின்பக்கம் போய், குழாயடியில் நின்றபடி, சுட்ட கருவாட்டைச் சோற்றில் வைத்துத் தின்றார். வாசம் முன்னால் போகாமல் கையை உடனே சோப்புப் போட்டுக் கழுவினார். அவளுக்குத் தெரியும். இருந்தாலும் தெரியாத மாதிரி இருப்பாள்.

செம்பனைப் பழ லோரிகள் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு போயின. இப்போது இந்தத் தோட்டத்தில் ரப்பர் மரமே கிடையாது, எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. லயத்து வீடுகளில் இருக்கிறவர்களும் முக்கால்வாசி வங்காளதேசத்துப் பையன்கள். அவர்களில் ஒருவன் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, கட்டிப்பால் வாளியைக் கண்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தார். ரேடியேட்டரைக் கவிழ்த்துப் போட்டுத் தண்ணீரை அடித்தார். ரெம்பாவில் வாங்கிய புதுக் குழாய், புது வளையம், புது அட்டை. டிராக்டருக்குப் பூட்டுகிற மாதிரி ஒழுங்காகப் பூட்டினார். தண்ணீரை ஊற்றினார்.

ஊற்றிய தண்ணீர் கீழே வந்தது.

சொட்டுச் சொட்டாக இல்லை. எஞ்சினின் பக்கவாட்டில், புகைக்குழாய்க்குப் பின்னால், கை போகாத இடத்திலிருந்து நூல் மாதிரி ஓடியது. டார்ச் அடித்துப் பார்த்தார். எஞ்சின் வார்ப்பில் காசு அகலத்துக்கு ஓட்டை விட்டு, அதைத் தகட்டால் மூடியிருப்பார்கள். அந்தத் தகடு துருப்பிடித்துச் சல்லடையாகப் போயிருந்தது. அதை மாற்ற வேண்டுமானால் புகைக்குழாயைக் கழற்ற வேண்டும். முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்து அழுத்தினார். தலை முறிந்து கையோடு வந்தது. மரக்கட்டையைச் சீவி அடித்துப் பார்த்தார். தகடு இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது. மரக்கட்டையைப் பிடுங்கி எறிந்தார்.

தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒழுகுதா?"

"சும்மா இரு."

"புனிதனக் கேளுங்களேன்."

"அவன் ஜொகூருக்கு வேலைக்குப் போயிட்டான். மத்தியானமே. மங்கம்மாவே கேட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனா. சொல்லிட்டு என் மூஞ்சியப் பாத்தா."

தாயம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார். அவள் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது, நுரைத்த மாதிரி. நாளைக்கும் போகாவிட்டால் என்ன ஆகும் என்று மையத்தில் முதல் நாளே சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்களை அவர் நம்பவில்லை. இந்த மூச்சை நம்ப வேண்டியதாக இருந்தது.

போனை எடுத்தார்.

"டேய் முகுந்தா."

"மாமா! அக்கா எப்பிடி இருக்கு?"

"அக்கா இருக்கட்டும். காருக்குள்ள என்னடா ஊத்துன?"

அந்தப் பக்கம் ரயில் போகிற சத்தம் மட்டும் கேட்டது. 

"பாத்துட்டீங்களா?"

"பாக்காம? ஒரு வாளி எடுத்து வெச்சிருக்கேன்."

"எடுத்துட்டீங்களா?" முகுந்தனின் குரல் மாறிவிட்டது. "ஏன் மாமா எடுத்தீங்க? ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு?"

"கொதிச்சிச்சுடா மடையா!"

"கொதிச்சா தண்ணி ஊத்திக்கணும். அதான் பின்சீட்டுல போத்தல் போட்டுக் குடுத்தேனே. அந்தப் பக்கத்துத் தகடு நான் வாங்குனப்பவே ஓட்ட மாமா. பால்தான் தோலு மாதிரி ஒட்டிப் புடிச்சிக்கிட்டு இருந்துச்சு. நீங்க அந்தத் தோல உரிச்சிட்டீங்க."

"தகட்ட மாத்தக் கூடாதாடா?"

"போல்ட்டு ஒடஞ்சிருக்குமே இந்நேரம்?"

இராஜமாணிக்கம் கையில் இருந்த போல்ட் தலையைப் பார்த்தார்.

"ஒடஞ்சிச்சு," என்றார்.

"ஒடையும். நான் ஒண்ண ஒடச்சுட்டுத்தான் விட்டுட்டேன். நீங்க இன்னொண்ண ஒடச்சிருப்பீங்க. பேசாமப் புதுப் பாலு ஊத்துங்க மாமா. அர மங்கு போதும். நான் ரெண்டாவது தடவ ஆசப்பட்டு ஒரு மங்குக்கு மேல ஊத்திட்டேன், அதான் ரேடியேட்டரு அடச்சிருச்சு. எஞ்சின ஆறவிட்டு ஊத்துங்க. ஊத்திட்டு மெல்லச் சூடு பண்ணுங்க. தாங்கும்."

"எவ்வளவு நாள் தாங்கும்?"

"அது என்னமோ. அக்காவ ஏத்திக்கிட்டுப் போயிட்டு வர்ற வரைக்கும் தாங்கும்."

இராஜமாணிக்கம் போனை வைத்துவிட்டார். "ஊத்த மாட்டேன்," என்று காரிடம் சொன்னார். காரிடம் சொன்னதை அவள் கேட்டாளோ என்னவோ. மழை பிடித்துக்கொண்டது.

*

சனிக்கிழமை விடியும்போது மழை நின்றிருந்தது. தாயம்மா இரவெல்லாம் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே கிடந்தாள். உதடு கறுத்திருந்தது.

இராஜமாணிக்கம் பின்சீட்டை நிறைய தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கினார். அவளைத் தாங்கிப் பிடித்து முன்சீட்டில் உட்கார வைத்தார். இடது கையை மட்டும் தொடாமல் பார்த்துக்கொண்டார். ஊசி போட நரம்பு தைத்திருக்கிற கை அது.

"தகடு மாத்திட்டீங்களா?"

"இல்ல."

"அப்பறம் எப்பிடிப் போறது?"

அவர் காரை எடுத்தார். தோட்ட எல்லை வரைக்கும் ஓட்டி, மலாய்க்காரர்கள் வாழும் கம்பத்துப் பாதையில் திருப்பினார். அங்கே, பாக்சிக், அதாவது மாமா, என்று எல்லோரும் கூப்பிடுகிற ஹம்சாவுக்கு ஒரு துண்டு ரப்பர்க் காடு இருந்தது. இந்தப் பக்கத்தில் மிச்சமிருக்கிறது அது ஒன்றுதான். காரை நிறுத்தியபோது பானெட்டுக்கு அடியில் புகை.

அவர் எங்கே வந்து நிற்கிறார் என்று தாயம்மாவுக்குப் புரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாக்சிக் கொட்டகையில் உட்கார்ந்து சுருட்டுப் புகைத்துக்கொண்டிருந்தார். காடு முழுக்க ஈரம் சொட்டியது. மரப்பட்டை எல்லாம் கறுத்து நனைந்திருந்தது.

இராஜமாணிக்கம் மலாயில் கேட்டார், கொஞ்சம் பால் வேண்டும் என்று.

"மழை பெஞ்சிருக்கு, இன்னிக்கி வெட்டு இல்ல," என்றார் பாக்சிக். "நனஞ்ச பட்டையில வெட்டுனா பாலு வெட்டுக் கோட்டுல நிக்காது, மரமெல்லாம் வழிஞ்சி வீணாப்போகும். ஒனக்குத் தெரியாதா மாணிக்கம்?"

"நேத்துப் பாலு இருக்கா?"

"ஒறஞ்சி போச்சு. கட்டி வேணும்னா எடுத்துக்கோ."

கட்டி அவரிடமே ஒரு வாளி இருக்கிறது. இராஜமாணிக்கம் நின்ற இடத்திலேயே நின்றார். மணி எட்டு தாண்டிவிட்டது. இத்தனை வயசில் ஒரு மங்குப் பாலுக்காக ஒருத்தன் கொட்டகை வாசலில் கையேந்தி நிற்பதும், அதுவும் இல்லை என்று சொல்லப்படுவதும். திரும்பி நடந்தார்.

அப்போது காரிலிருந்து தாயம்மாவின் குரல் கேட்டது. மெலிந்த குரல். ஆனால் அந்தக் காலத்தில் மர நிரை தாண்டிக் கூப்பிடுகிற அதே இழுப்பு.

"பாக்சிக்! அந்த மூலையில மூணு மரம் இன்னும் பாவாட கட்டிக்கிட்டு நிக்கிது பாருங்க!"

பாக்சிக் எழுந்து பார்த்தார். மழைத் தண்ணீர் வெட்டில் இறங்காமல் இருக்க, மரத்தைச் சுற்றி பிளாஸ்டிக் தாளைப் பாவாடை மாதிரி ஒட்டுவார்கள். பாக்சிக் எப்போதோ நாலைந்து மரத்துக்குக் கட்டிப் பார்த்துவிட்டுச் சலிப்பில் விட்டிருந்தார். அதில் மூன்று மிச்சம். கிழிந்து தொங்கின, ஆனால் அதற்கு அடியில் பட்டை காய்ந்திருந்தது.

"அடேய், கண்ணு நல்லாத்தான் இருக்கு ஒம் பொண்டாட்டிக்கு," என்று சொல்லிவிட்டு பாக்சிக் உளியை எடுத்துக்கொண்டு போனார். "எதுக்குப் பாலு?"

"காருக்கு."

பாக்சிக் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "முகுந்தன் காரா?" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

வெட்டு விழுந்தது. பால் கசிந்து, கோட்டில் ஓடி, தகரத்தில் இறங்கி, மங்கில் சொட்டியது. அதை அவசரப்படுத்த யாராலும் முடியாது. இராஜமாணிக்கம் மரத்துக்கும் காருக்குமாக நடந்தார்.

"ஒக்காருங்க. நடந்தா மரம் கூடக் குடுக்காது," என்றாள் தாயம்மா.

அவர் கார்க் கதவைத் திறந்து படியில் உட்கார்ந்தார். எஞ்சின் ஆறிக்கொண்டே டிக் டிக்கென்றது.

"முகுந்தன் சின்னப் பிள்ளையில ஒரு தடவ கால வெட்டிக்கிட்டான்," என்றாள். "ரத்தம் நிக்கல. பால எடுத்து மேல ஊத்திட்டு ஒக்காந்துட்டான். நின்னுபோச்சு. அன்னியிலேருந்து அவனுக்கு எல்லாத்துக்கும் பாலுதான்."

"ஒனக்கு ஊத்தச் சொல்லலயா கிட்னிக்கு?"

"சொன்னான்," என்றாள் தாயம்மா. "நான்தான் வேணாம்னுட்டேன்."

இராஜமாணிக்கத்துக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது வேறு மாதிரி ஆகப் பார்த்தது. எழுந்து மரத்துக்குப் போய்விட்டார்.

மூன்று மரத்துப் பாலையும் சேர்த்தால் அரை மங்குக்குக் கொஞ்சம் குறைவு. போதும் என்று எடுத்து வந்தார். புது அட்டை போட்டு, புது வளையம் போட்டு, டிராக்டர் மாதிரி ஒழுங்காகப் பூட்டிய அந்த ரேடியேட்டரின் வாயைத் திறந்தார். ஒரு நொடி நின்றார். பிறகு முகுந்தன் சொன்ன மாதிரியே ஊற்றினார். மேலே தண்ணீரை ஊற்றி, எஞ்சினைக் கிளப்பி, மெல்லச் சூடாக விட்டார். மண்டிபோட்டு அடியில் பார்த்தார்.

நூல் மாதிரி ஓடியது சொட்டாயிற்று. சொட்டு வெள்ளையாயிற்று. வெள்ளைச் சொட்டு ஒன்று தகட்டில் தொங்கிக்கொண்டு, விழலாமா வேண்டாமா என்று நின்று, அங்கேயே நின்றுவிட்டது.

*

மையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று தாண்டிவிட்டது. அவளுடைய நாற்காலியைத் துடைத்து வேறு ஆளைக் கூப்பிடப் போனார்கள். தாதி தாயம்மாவின் காலைப் பார்த்ததும் குரலை உயர்த்தினாள்.

"ஆன்ட்டி, வியாழக்கெழம எங்க போனீங்க? என்ன வெளையாட்டு இது?"

"அன்னிக்கி வீட்டுல எஞ்சினுக்கு ரத்தம் கழுவுனாரு," என்றாள் தாயம்மா. "எனக்கு எடம் இல்ல."

தாதி இராஜமாணிக்கத்தைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாயம்மாவை உட்கார வைத்து, கையில் ஊசியை ஏற்றி, குழாயில் ரத்தம் சிவப்பாக ஓட ஆரம்பித்ததைக் கண்ணால் பார்த்தபிறகுதான் வெளியே வந்தார்.

கார் நிறுத்தும் இடத்தில் வெயில். பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு நிழலில் நின்றார். பக்கத்துக் காரில் யாருக்காகவோ காத்திருந்த ஒருவன் இறங்கி வந்தான். மூக்கைச் சுளித்தான்.

"அங்கிள், என்ன நாத்தம் இது?"

"தண்ணி ஒழுகுச்சு. மருந்து ஊத்திருக்கு."

"நிக்குதா?"

"நிக்குது."

"என் காரும் ஒழுகுது லா. என்ன மருந்து, எந்தக் கடையில?"

இராஜமாணிக்கம் முன்பின் தெரியாதவனிடம் எதையும் சொல்கிறவர் இல்லை. கொஞ்ச நேரம் அவனை அளந்தார்.

"கடையில கெடைக்காது," என்றார். "கெமாஸ்ல என் மச்சான் ஒருத்தன் இருக்கான். அவனுக்குத்தான் தெரியும்."

தாயம்மா வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கையில் கட்டு. முகம் வெளுத்து, வற்றி, ஆனால் மூச்சு சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. அவர் கைத்தாங்கலாகப் பிடித்து உட்கார வைத்தார். காருக்கு அடியில் தரை காய்ந்து கிடந்தது.

"குடிச்சிச்சா?" என்றாள்.

"இல்ல. நெரப்பமா நிக்கிது."

"அப்ப அதோட பங்குல எனக்கு ஒரு மூடி குடுங்க."

பின்சீட்டிலிருந்து போத்தலை எடுத்து, மூடியில் நிரப்பிக் கொடுத்தார். அவள் அதை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் இருந்தாள். பிறகு விழுங்கினாள். அவர் இன்னொரு அரை மூடி ஊற்றினார்.

"முகுந்தனுக்கு ஒரு போன் போடுங்க."

"எதுக்கு?"

"ஓடுதுன்னு சொல்லத்தான்."

"சொன்னேன்னு வையி, நாளைக்கே கெமாஸ்லேருந்து வாளியோட வந்து நிப்பான்," என்றார் இராஜமாணிக்கம்.

தாயம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று. அது அடங்குகிற வரைக்கும் காத்திருந்து, பிறகு சாவியைத் திருப்பினார்.